பருத்திக்காட்டுப் பாட்டும் பால்மரக்காட்டுப் பாட்டும்



சில மாதங்களுக்கு முன்பு ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு நாட்டுப்புறப் பாடல்களைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். பாடநூலில் உள்ள பாடலைப் பாடிக் காட்டிய பின்னர், தத்தம் வீட்டில் தாத்தா பாட்டியிடம் கேட்டு ஆளுக்கொரு பாட்டை எழுதி வருமாறு பணித்தேன். மறுநாள் பெரும்பாலோர் திரைப்பாடல்களையே எழுதி வந்தனர். ஒரு மாணவி மட்டும் வெறுங்கையுடன் எழுந்து நின்றாள்.

"சார், பாட்டிக்கு ஒப்பாரிதான் தெரியுமாம். அதை வீட்டுல பாடக் கூடாதுன்னு அம்மா சொல்லிட்டாங்க" என்றாள்.

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கான காரணத்தை இக்கட்டுரையின் பிற்பகுதியில் கூறுகிறேன். அதற்கு முன், கடல் கடந்த ஒரு நாட்டில், ஏறத்தாழ நம்மைப் போன்றே தோட்டத்தில் வாழ்ந்த ஒரு மக்களின் பாட்டு எவ்வாறு உலகின் பாட்டாயிற்று என்பதைச் சொல்ல வேண்டும். அவ்வரலாற்றை அறிந்தால்தான் அந்தச் சிறுமியின் பாட்டி தொண்டைக்குள் அடக்கி வைத்திருப்பது எத்தகைய செல்வம் என்பது நமக்குப் புரியும்.

புளூஸ் பிறந்த மண்

அமெரிக்காவின் தென்பகுதியில் மிசிசிப்பி ஆற்றை ஒட்டி ஒரு பெரும் சமவெளி உள்ளது. வண்டல் மண் நிறைந்த அந்நிலம் பருத்திக்குப் பெயர் பெற்றது. அங்கே பருத்தி பறித்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களின் வழித்தோன்றல்கள். 1865-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது. ஆயினும் விடுதலை பெற்றவர்களுக்கு நிலம் இல்லை. பழைய முதலாளியின் நிலத்திலேயே வாரத்துக்குப் பயிரிட்டனர். விதை, உணவு, உடை அனைத்தையும் தோட்டக் கடையில் கடனுக்கு வாங்கினர். அறுவடை முடிந்ததும் முதலாளி கணக்குப் பார்ப்பார். பல குடும்பங்களுக்குக் கடனே மிஞ்சும். அக்கடனைத் தீர்க்க அடுத்த ஆண்டும் அங்கேயே உழைக்க வேண்டும்.

இந்தச் சூழலில்தான் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புளூஸ் எனப்படும் இசை உருவாயிற்று. வயலில் ஒருவர் நீட்டிக் குரலெடுக்க, தொலைவிலிருந்து மற்றொருவர் எதிர்க்குரல் கொடுக்கும் வழக்கமும், சிறைக் கூட்டங்களின் வேலைப்பாட்டும், தேவாலயப் பாட்டும் அதற்குத் தாயாயின. கித்தார் அதற்குத் துணையாயிற்று.

வில்லியம் கிறிஸ்டபர் ஹேண்டி என்னும் கறுப்பின இசைக்கலைஞர் 1941-இல் வெளியிட்ட தன் வரலாற்று நூலில் ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஏறத்தாழ 1903-ஆம் ஆண்டில் மிசிசிப்பியின் டட்வைலர் என்னும் சிற்றூர் நிலையத்தில் இரவில் தொடர்வண்டிக்காகக் காத்திருந்தபோது, கந்தல் உடை அணிந்த ஒருவர் அவர் அருகில் அமர்ந்து கித்தார் நரம்பின்மேல் கத்தியை அழுத்தி வாசித்துப் பாடினாராம். ஒரே அடியை அம்மனிதர் மூன்று முறை பாடினார் என்றும், தாம் அதுவரை கேட்டவற்றுள் அதுவே மிகவும் விந்தையான இசை என்றும் ஹேண்டி எழுதினார். அம்மனிதரின் பெயர் எவருக்கும் தெரியாது. ஹேண்டி பின்னர் 1912-இல் மெம்பிஸ் நகரின் பெயரால் ஒரு புளூஸ் பாடலை அச்சிட்டு வெளியிட்டார். பெயர் தெரியாதவர் பாடினார், பெயர் உள்ளவர் எழுதி வைத்தார். இந்த வரலாற்றில் இது பன்முறை நிகழ்வதைக் காண்போம்.

கங்காணியும் கடனும்

இனி நம் பக்கம் வருவோம். 1877-இல் கோலகங்சாரில் நடப்பட்ட ரப்பர்க் கன்றுகளின் கதையைப் பேராக்கில் வாழும் நாம் அனைவரும் அறிவோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வாகனத் தொழில் வளர, ரப்பர் விலை ஏறியது. கிந்தா பள்ளத்தாக்கில் சீனர்கள் ஈயலம்பங்களில் உழைத்துக்கொண்டிருக்க, காடுகள் அழிக்கப்பட்டுப் பால்மரத் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்திலிருந்து ஆள்கள் கொண்டுவரப்பட்டனர். ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் மலாயாவில் முடிவுக்கு வந்தது. அதன்பின் கங்காணி முறையே ஓங்கியது. கங்காணி தன் ஊருக்கே சென்று, உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தான். வழிச்செலவும் முன்பணமும் கடனாயின. ஆள் வேலைக்கு வந்த ஒவ்வொரு நாளுக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்தது. 1938-இல் இந்திய அரசு, உதவி பெற்று மலாயாவுக்குச் செல்லும் கூலித் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடை செய்யும்வரை இது நீடித்தது.

தோட்டம் என்பது தனியோர் உலகம். விடியுமுன் பெரட்டு. கிராணியார் பெயர் கூப்பிடுவார். பின்னர் உளியும் வாளியுமாக நிரைக்குச் செல்ல வேண்டும். பிள்ளைகள் ஆயாக் கொட்டகையில் விடப்படுவர். லயம், கோயில், கடை, கள்ளுக்கடை, பள்ளி எல்லாம் தோட்டத்துக்குள்ளேயே இருந்தன. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி அமைக்க வேண்டும் என்றது. இன்று நான் கரும்பலகைக்கு முன் நிற்பதற்கு அச்சட்டமும் ஒரு காரணம்.

காம்பாரிலிருந்து ஈப்போ செல்லும் வழியில் பத்து காஜா பக்கம் திரும்பினால் கெல்லி மாளிகையைக் காணலாம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கி, 1926-இல் அவர் லிஸ்பனில் இறந்ததால் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகை அது. கட்டுமானம் நடந்துகொண்டிருந்தபோது கொள்ளைநோய் பரவித் தொழிலாளர் பலர் மாண்டனர். எஞ்சியோர் மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று கேட்க, அவரும் கட்டிக் கொடுத்தார். அருகிலுள்ள அக்கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களுக்கிடையே அவருடைய சிலையும் நிற்கிறது. துரைக்குச் சிலை உண்டு. நோயில் இறந்தவர்களுக்கு என்ன உண்டு? அவரவர் வீட்டுப் பெண்கள் பாடிய ஒப்பாரி மட்டுமே உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. அடிமைமுறையும் கங்காணி முறையும் ஒன்றல்ல. நம் முன்னோர் சந்தையில் விற்கப்படவில்லை. அவர்களுடைய மொழியும் தெய்வமும் உறவுமுறையும் பறிக்கப்படவில்லை. கடிதம் எழுதினர். வாய்ப்புக் கிடைத்தவர்கள் ஊர் திரும்பினர். துன்பத்தை எடைபோட்டுப் பார்க்க நான் இதை எழுதவில்லை. கடனால் நிலத்தோடு கட்டுண்ட மக்கள் எங்கிருந்தாலும் பாட்டையே துணையாகக் கொண்டனர் என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

இரு பாட்டுகளின் அமைப்பு

புளூஸ் பாட்டின் பொதுவான அமைப்பு எளிமையானது. முதலடி பாடப்படும். அதே அடி மீண்டும் பாடப்படும். மூன்றாம் அடி அதற்கு மறுமொழியாக அமையும். நான்கு எண்ணிக்கை கொண்ட 12 அளவைகளில் இம்மூன்றும் அடங்கும். ஓர் அடியை இருமுறை பாடுவதால், பாடுபவருக்கு அடுத்த அடியை அப்போதே கட்டுவதற்கு நேரம் கிடைக்கிறது. எழுத்தறியாதவர்களும் பாட்டுக் கட்ட முடிந்ததற்கு இவ்வமைப்பு ஒரு காரணம். சுரங்களில் மூன்றாவதும் ஏழாவதும் சில வேளைகளில் ஐந்தாவதும் தமக்குரிய இடத்திலிருந்து சற்றே இறங்கி, வழுக்கி ஒலிக்கும். அந்த இறக்கத்தில்தான் புளூஸின் ஏக்கம் குடியிருக்கிறது.

நம் பாட்டிகளின் ஒப்பாரியைக் கேட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அங்கும் அடி இரட்டிக்கும். இரண்டாம் முறை ஒரு சொல் மட்டும் மாறும். வெள்ளிக் கிண்ணம் என்றது தங்கக் கிண்ணமாகும், தென்னை என்றது பனையாகும். அந்த மாற்றத்துக்குள் அடுத்த அடியை மனம் தேடிக்கொள்ளும். குரல் மேலே தொடங்கி, விம்மலோடு கீழே இறங்கும். இசைப்பெட்டியின் கட்டைகளில் அகப்படாத இடங்களில் அது நின்று செல்லும். கும்மியிலும் கோலாட்டத்திலும் ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் வாங்கிப் பாடுவர். பருத்திக்காட்டின் குரலுக்கு எதிர்க்குரல் இருந்ததைப் போன்றதே இதுவும்.

வேறுபாடும் உண்டு. புளூஸ் பெரும்பாலும் 'நான்' என்று பேசும் தனியாள் பாட்டு. கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகத் திரிந்த ஆண்கள் அதைப் பாடினர். நம் தோட்டப் பாட்டோ பெரும்பாலும் பெண்களின் பாட்டு. அது தொட்டிலடியிலும் இழவு வீட்டிலும் நடவு நட்ட நினைவிலும் வாழ்ந்தது. தாலாட்டில் கங்காணியை ஏசலாம், ஒப்பாரியில் மாமியாரைக் குத்தலாம், எவரும் கேள்வி கேட்க முடியாது. ஏனெனில் அவள் பிள்ளையைத் தூங்க வைக்கிறாள் அல்லது பிணத்துக்கு அழுகிறாள். நேரே சொல்ல இயலாததைச் சொல்வதற்குக் கண்டுபிடிக்கப்பட்ட வழி அது. முதலாளிக்குப் புரியாத இரட்டைப் பொருளில் புளூஸ் பாடகர்கள் பாடியதும் அதே நோக்கத்தால்தான்.

தட்டில் ஏறிய குரல்

1920-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் மேமி ஸ்மித் என்னும் கறுப்பினப் பெண்மணி நியூயார்க்கில் ஒரு புளூஸ் பாடலை இசைத்தட்டில் பதிந்தார். அது எதிர்பாராத அளவுக்கு விற்றது. கறுப்பின மக்களும் தட்டு வாங்குவர் என்பதை அப்போதுதான் குழுமங்கள் உணர்ந்தன. அதன்பின் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் ஆகிய பெண்களின் குரல்கள் நாடெங்கும் ஒலித்தன. பெஸ்ஸி ஸ்மித் 1937-இல் மிசிசிப்பியில் நெடுஞ்சாலை விபத்தில் இறந்தார். சார்லி பேட்டன், பார்வையற்ற லெமன் ஜெபர்சன் முதலிய ஆடவர்களையும் தேடிப் பதிந்தனர். ராபர்ட் ஜான்சன் என்னும் இளைஞர் 1936-இலும் 1937-இலும் டெக்சாஸ் மாநிலத்தில் பாடிப் பதிந்த பாடல்கள் 29 மட்டுமே. 1938-இல் தம் 27-ஆம் வயதில் அவர் இறந்தார். அந்த 29 பாடல்கள் பதியப்படாமல் போயிருந்தால், அப்படி ஒருவர் வாழ்ந்ததையே உலகம் அறிந்திருக்காது.

நம் தோட்டங்களிலும் இசைத்தட்டு வந்தது. வசதியுள்ள கிராணியார் வீட்டில் கிராமபோன் பெட்டி பாடும். அதில் பாடியவர்கள் கே. பி. சுந்தராம்பாளும் எம். கே. தியாகராஜ பாகவதரும். அவர்களுடைய குரல் அமுதந்தான், ஐயமில்லை. ஆனால் அது ஊரிலிருந்து வந்த குரல். நிரையில் மங்கு துடைத்த பெண்ணின் குரலை யாரும் தட்டில் ஏற்றி அவளுக்கே விற்கவில்லை. தன் பாட்டும் கேட்கத்தக்கதே என்று அவள் அறிவதற்கு வாய்ப்பே இல்லாமற் போயிற்று.

1941

இவ்விடத்தில் ஓர் ஆண்டைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

1941-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் சார்பில் ஆலன் லோமாக்ஸ் என்பவரும், பிஸ்க் பல்கலைக்கழகத்தின் கறுப்பினப் பேராசிரியர் ஜான் வொர்க் என்பவரும் மிசிசிப்பிக்குச் சென்றனர். ஸ்டோவால் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மெக்கின்லி மார்கன்பீல்டு என்ற இளைஞரைச் சந்தித்துப் பாடச் சொல்லிப் பதிந்தனர். பதிந்ததை உடனே அவருக்கே போட்டுக் காட்டினர். தம் குரலைக் கருவி வழியே கேட்ட அந்த நொடியில், தம்மாலும் முடியும் என்று தோன்றியதாக அவர் பிற்காலத்தில் கூறினார். இரண்டு ஆண்டுகளில் தோட்டத்தை விட்டுச் சிக்காகோவுக்குத் தொடர்வண்டி ஏறினார். அவரே மட்டி வாட்டர்ஸ். ஆரவாரம் மிக்க நகரத்தில் குரல் எடுபடுவதற்காக மின்கித்தாரை ஏந்தினார். 1950-இல் அவர் பதிந்த ஒரு பாடலின் பெயரைத்தான் 1962-இல் தோன்றிய இங்கிலாந்துக் குழுவினர் ரோலிங் ஸ்டோன்ஸ் என்று தமக்குச் சூட்டிக்கொண்டனர்.

அதே 1941-ஆம் ஆண்டின் இறுதியில் நம் காம்பாரில் என்ன நடந்தது? டிசம்பர் 30-ஆம் நாள் முதல் 1942 ஜனவரி 2-ஆம் நாள் வரை, ஊருக்கு மேலுள்ள குன்றுகளில் ஜப்பானியப் படைக்கும், இந்திய வீரர்கள் பெருமளவில் இடம்பெற்ற பிரிட்டிஷ் படைக்கும் கடும் போர் நிகழ்ந்தது. பின்னர் பிரிட்டிஷார் பின்வாங்கினர். துரைமார்கள் ஓடினர். ரப்பர் வாங்க ஆளில்லை, அரிசியும் இல்லை. மரவள்ளிக்கிழங்கே உணவாயிற்று.

1942-இலும் 1943-இலும் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஜப்பானியர் 415 கிலோமீட்டர் தொடர்வண்டிப் பாதை அமைத்தனர். அதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுசெல்லப்பட்டனர். சிலருக்குக் கூலி ஆசை காட்டப்பட்டது, பலர் வலிந்து பிடிக்கப்பட்டனர். காலரா, மலேரியா, பசி, அடி ஆகியவற்றால் பெருந்தொகையினர் திரும்பவில்லை. இறந்த நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உள்ளன. நம்மவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. 2023-ஆம் ஆண்டில்தான் அந்நகரின் ஒரு பௌத்த விகாரை வளாகத்தில் தமிழர் நினைவாக ஒரு நடுகல் எழுப்பப்பட்டது.

என் பாட்டியின் பாட்டு

என் பாட்டியின் அண்ணன் அவ்வாறு சயாமுக்குச் சென்றவர்களுள் ஒருவர். சடலம் வரவில்லை. இறந்த நாள் தெரியாது. ஆகவே திதியும் இல்லை. பாட்டி ஒவ்வோர் ஆண்டும் தீபாவளிக்கு முந்தின இரவு, படையல் போட்ட பிறகு, வாசற்படியில் அமர்ந்து அவருக்காக ஒப்பாரி பாடுவார். முதலில் சொல்லே இராது. வாயை மூடியபடி நெடுநேரம் முனகுவார். அம்முனகலுக்குள்ளிருந்து சொற்கள் மெல்ல எழும். அண்ணன் போட்டுச் சென்ற சட்டையின் நிறம், லாரி நின்ற இடம், அவர் கையில் கொடுத்த சோற்றுப் பொட்டலம், எல்லாம் அதில் வரும். வழியில் உள்ள ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, அங்கே நின்றாயா, இங்கே உறங்கினாயா என்று கேட்டுக்கொண்டே செல்வார். தெரிந்த ஊர்ப்பெயர்கள் தீர்ந்ததும் பாட்டு நின்றுவிடும். அதற்கப்பால் அவர் அறிந்த ஊர் ஏதுமில்லை.

நான் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற காலத்தில் என்னிடம் ஒலிநாடாப் பதிவுக்கருவி ஒன்று இருந்தது. விடுமுறைக்கு வந்தபோது, "ஏன்டா தம்பி, அந்தப் பொட்டியில நான் பாடுறத புடிச்சு வைக்க முடியுமா?" என்று பாட்டியே கேட்டார். "வைக்கலாம் பாட்டி, அடுத்த தடவை" என்றேன். உண்மையைச் சொல்வதானால் எனக்கு வெட்கமாக இருந்தது. உடன் பயின்ற நண்பர்கள் அந்நாடாவைக் கேட்டுவிட்டால் என்ன நினைப்பார்கள் என்று அஞ்சினேன். அந்த விடுமுறை முழுவதும் அக்கருவியில் திரைப்பாடல்களே ஓடின. அடுத்த முறை நான் வீடு திரும்பியது பாட்டியின் இறுதிச் சடங்கிற்கு. அன்று அவருக்கு ஒப்பாரி பாட எங்கள் குடும்பத்தில் தெரிந்தவர் எவரும் இல்லை.

வகுப்பறையில் அச்சிறுமி எழுந்து நின்றபோது எனக்குச் சிரிப்பு வராததற்குக் காரணம் இதுதான்.

வெட்கம் என்னும் பகை

வெட்கம் எனக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவிலும் புளூஸைச் 'சாத்தானின் இசை' என்று தேவாலயத்தார் ஒதுக்கினர். படித்து முன்னேறிய கறுப்பினக் குடும்பங்கள் பல, அது அடிமை வாழ்வை நினைவூட்டுகிறது என்று முகம் சுளித்தன. நம்மிடம் இந்த வெட்கம் இரு மடங்கு. ஒப்பாரி அமங்கலம் என்றோம். தப்பிசையைச் சாதியோடு சேர்த்து இழிவு என்றோம். தப்படித்த பரம்பரையினரே தம் பிள்ளைகள் அதைத் தொடக்கூடாது என்று எண்ணியதில் வியப்பில்லை. அவர்கள் பட்ட அவமதிப்பு அத்தகையது. கலையை விட்டதற்காக அவர்களைக் குறைகூற நமக்குத் தகுதியில்லை. கலையையும் கலைஞனையும் சேர்த்து இழிவுபடுத்திய சமூகந்தான் வெட்கப்பட வேண்டும்.

இடப்பெயர்ச்சியும் இருவருக்கும் பொதுவே. 20-ஆம் நூற்றாண்டில் ஏறத்தாழ 60 இலட்சம் கறுப்பின மக்கள் தென்பகுதியை விட்டு வடக்கு, மேற்கு நகரங்களுக்குப் பெயர்ந்தனர். புளூஸும் அவர்களோடு சென்று மின்னிசையாக மாறிப் புத்துயிர் பெற்றது. நம் நாட்டில் விடுதலைக்குப் பின் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டன. 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்நெருக்கடியை எதிர்கொள்வதற்காகவே. பின்னர் பால்மரம் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்கள் இடிந்தன. மக்கள் நகரத்து அடுக்குமாடிகளுக்குப் பெயர்ந்தனர். லயத்தில் ஒரு வீட்டில் அழுதால் இருபது வீட்டுப் பெண்கள் வந்து கைகோத்து அமர்வர். அடுக்குமாடியில் அழுதால் பக்கத்து வீட்டுக் கதவு சாத்தப்படும். கூடியமரும் இடம் போனபோது, அவ்விடத்தில் வாழ்ந்த பாட்டும் போயிற்று.

ஆயினும் இசை முற்றாக அழிந்துவிடவில்லை. உறுமி மேளம் இன்று நம் இளைஞர்களிடம் ஓங்கி ஒலிக்கிறது. 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவினர் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பு, சொல்லிசை என்னும் புதிய வடிவைத் தமிழுலகெங்கும் கொண்டுசென்றது. அச்சொல்லிசையின் வேரும் அமெரிக்கக் கறுப்பின மக்களிடமே உள்ளது. புளூஸ் இசையையே நேராக ஏற்றவர்களும் நம்மிடையே உண்டு. மலாய் மொழியில் பாடிப் புகழ் பெற்ற புளூஸ் கேங் குழுவில் கித்தார் வாசித்தவர் ஜிம் மாடசாமி. மலேசியாவில் பிறந்து சிங்கப்பூரில் வாசித்து 2012-இல் மறைந்த பால் பொன்னுதுரையின் கித்தார் வாசிப்பை அயல்நாட்டு இசைவாணர்களும் வியந்தனர். நம் விரல்களுக்கு அவ்விசை அன்னியமாக இருக்கவில்லை.

எழுதி வைத்தவர்கள்

இலங்கை மலையகத்தில் சி. வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்ட மக்களின் பாடல்களைத் திரட்டினார். அவர் 1984-இல் மறைந்த பின்னர் அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாக வெளிவந்தன. நம் நாட்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய முனைவர் இரா. தண்டாயுதம் நாட்டுப்புறப் பாடல்களில் கருத்துச் செலுத்தினார். முத்தம்மாள் பழனிசாமி தம் நினைவிலும் பிறர் நினைவிலும் இருந்த பாடல்களைத் தேடி எழுதி வைத்தார். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' என்னும் நாவல் அக்கொடுங்காலத்தைப் பதிவு செய்தது. இவர்களுக்கு நாம் கடன்பட்டுள்ளோம். எனினும் ஏட்டில் ஏறிய பாட்டில் சொல் மட்டுமே இருக்கும். விம்மல் இராது. எந்தச் சொல்லில் மூச்சு வாங்கினாள், எங்கே குரல் உடைந்தது என்பதைத் தாளில் எழுத இயலாது. ஒப்பாரியின் உயிர் அங்கேதான் உள்ளது.

இறுதியாக ஒரு செய்தி. பார்வையற்ற வில்லி ஜான்சன் என்னும் டெக்சாஸ் தெருப்பாடகர் 1927-இல் ஒரு தட்டில் பாடினார். அதில் சொல்லே இல்லை. கித்தாரோடு இணைந்த முனகல் மட்டுமே. அவர் 1945-இல் வறுமையில் இறந்தார். 1977-இல் அமெரிக்கா வாயேஜர் விண்கலங்களை ஏவியபோது, மனித இனத்தின் குரலாகச் சில இசைப் பதிவுகளைத் தங்கம் பூசிய தட்டில் வைத்து அனுப்பினர். அவற்றுள் அந்த முனகலும் ஒன்று. இன்று அது சூரியக் காற்றின் எல்லையையும் கடந்து சென்றுகொண்டிருக்கிறது. அதை முதன்முறை கேட்டபோது எனக்கு வாசற்படியில் அமர்ந்திருந்த பாட்டியே நினைவுக்கு வந்தார். அந்த முனகலும் இந்த முனகலும் ஒன்றே. ஒரே வேறுபாடு, அதை ஒருவர் பதிந்து வைத்தார், இதை நான் பதியவில்லை.

மறுவாரம் அந்த மாணவியின் தாயாரைப் பள்ளியில் சந்தித்தேன். "வீட்டுக்குள்ள வேணாம் சார், நல்லதில்ல" என்று தயங்கினார். அவருடைய அச்சத்தை நான் எள்ளவில்லை. கோயில் மண்டபத்திலோ பள்ளி வளாகத்திலோ பாடச் சொல்லலாமா என்று கேட்டேன். ஒரு சனிக்கிழமை காலையில் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்து வந்தார். கைப்பேசியைப் பாட்டியின் முன் வைத்தோம். முதலில் கூச்சப்பட்டார். பின்னர்க் கண்களை மூடிக்கொண்டார். முனகல் எழுந்தது. முடித்ததும் பதிந்ததைப் போட்டுக் காட்டினோம். தம் குரலைத் தாமே கேட்ட அந்தப் பாட்டி, பேத்தியின் பக்கம் திரும்பி, "நானாடி இது?" என்று கேட்டார். அப்போது அவர் முகத்தில் இருந்தது வெட்கம் அன்று.

அன்பர்களே, உங்கள் வீட்டிலும் 80 வயதைக் கடந்த ஒரு பாட்டி இருக்கலாம். பெட்டி வேண்டாம், நாடா வேண்டாம், உங்கள் சட்டைப் பையில் உள்ள கைப்பேசியே போதும். பாடுபவரின் இசைவைப் பெறுங்கள். பெயர், தோட்டத்தின் பெயர், பாட்டை யாரிடம் கற்றார் என்பவற்றையும் அவருடைய குரலிலேயே கேட்டுப் பதியுங்கள். டட்வைலர் நிலையத்தில் பாடியவரின் பெயரைக் கேட்க மறந்ததைப் போல் நாமும் மறக்க வேண்டாம். "அடுத்த தடவை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

 

காம்பாரிலிருந்து,
உங்கள் ஆசிரியன்